பன்னிரண்டு தஸ்பீஹுக்கு ஒரு சுற்று

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். எங்கள் வாப்பாவோடு ஒரு கிழமை இருந்து பார்த்துவிட்டுப் பிறகு சொல்லட்டும்.

அன்றைக்குக் கச்சான் காற்று மருதமுனையைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. கடற்கரை ஊர் என்று பேர்தான். ஜூலை மாதம் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கினால் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துபோகும். நான் முன் வீட்டு அறையில் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கொழும்புக்காரர்களோடு கூட்டத்தில் இருந்தேன். மென்பொருள் செய்கிற ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அவர்கள் எழுதுவதில் பிழை பிடிப்பது என் தொழில். "அது ஒனக்குப் பொறந்ததில இருந்து பழக்கம்தானே பஸ்மினா" என்பார் என் புருஷன் முஸ்தாக். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். பகலில் வீட்டில் இருக்கமாட்டார்.

வாப்பாவும் உம்மாவும் இருக்கிற பின் வீட்டிலிருந்து உம்மா கத்தும் சத்தம் கேட்டது. காதில் மாட்டியிருந்ததையும் கழற்றாமல் ஓடினேன். வாப்பா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். சாரன் வேர்வையில் தெப்பமாய் நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தகரக் கூரை போட்ட சின்ன அறை அது. உள்ளே கால் வைத்தால் தூக்கிப்போடுகிற வெக்கை. ஸ்டூலின் மேல் ஃபேன் இருந்தது. ஓடவில்லை. கரண்டு இருந்தது, பிளக் செருகியிருந்தது, சுவிட்ச் மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தப் பயத்திலும் அந்த சுவிட்சைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னர்தான் அவருடைய இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி ஆளைக் கண் விழிக்க வைத்துவிட்டு, டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"இந்த முறை தப்பிட்டார். இந்த வெக்கையில காத்தில்லாம இருக்க விடாதீங்க. இன்னொரு தரம் இப்படி விழுந்தா, எனக்கு ஒண்டும் சொல்லேலா."

நான் திரும்பிப் போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றேன். எழுபத்து மூன்று வயது அச்சிமுகம்மது, ஒரு காலத்தில் நெல் மூடையைத் தோளில் தூக்கி எறிந்த ஆள், விளக்குமாற்றுக் குச்சி மாதிரிக் கிடந்தார்.

"ஃபேன் ஏன் வாப்பா நிப்பாட்டின?"

"நீ மெஷின் போட்டிருந்தாயே மகள்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் பயப்படுவார் என்று ஏசினேன்.

இதைச் சொல்ல வேண்டுமானால் 2006க்குப் போக வேண்டும். நான் கல்முனையில் கணனி டிப்ளோமா படிக்கச் சேர்ந்த வருஷம். வீட்டில் ஒரு கணனி இருந்தால்தான் பழகலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் அதை வீட்டில் வந்து சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். வாப்பா அந்தப் போகத்து நெல்லை, விதைக்கு வைத்ததைத் தவிர, மொத்தமாய் ஏற்றி விற்றுவிட்டார். எழுபது மூடை. உம்மா மூன்று மாதம் அரிசியைக் கடையில் வாங்கிச் சமைத்தார். வயல்காரன் வீட்டில் கடை அரிசி வேகிற வெட்கத்தை உம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

எழுபது மூடைக்கு வந்தது ஒரு வெள்ளைப் பெட்டியும், முதுகு தள்ளிய ஒரு மொனிட்டரும். சுவிட்சைப் போட்டால் நெல் குத்துகிற மில் மாதிரி இரையும். முதல் நாளே வாப்பா விறாந்தைச் சுவரில் இருந்த கரண்டு மீட்டருக்கு முன்னால் போய் நின்றார். அந்தக் கண்ணாடிக்குள் ஒரு தகட்டுச் சக்கரம் சுற்றும். அதில் ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும். அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். மணிக்கூட்டை நம்பமாட்டார். கையில் இருந்த முப்பத்து மூன்று மணித் தஸ்பீஹ் கோவையை எடுத்தார். சிவப்பு அடையாளம் கண்ணாடிக்கு நேரே வந்ததும் 'சுப்ஹானல்லாஹ்' என்று முதல் மணியைத் தள்ளினார். கோவை முடிவதற்குள் அடையாளம் திரும்பி வந்துவிட்டது.

"அல்லாஹ்வே, ஒரு தஸ்பீஹுக்குள்ள ஒரு சுத்து" என்றார். "இது கரண்டத் திங்கிற சாமான்."

பிறகு வீட்டில் ஒவ்வொரு விளக்காய் நிறுத்திப் பார்த்துப் பார்த்து ஒரு கணக்கு வைத்தார். மூன்று குண்டு பல்ப், ஒரு ஃபேன். இந்த நான்கையும் நிறுத்தினால் கணனி ஓடும்போதும் சக்கரம் பழைய வேகத்தில்தான் சுற்றும். அன்றிலிருந்து நான் கணனிக்கு முன்னால் உட்கார்ந்தால் வீடு இருண்டுவிடும். உம்மா குப்பி விளக்கு வெளிச்சத்தில் மீன் ஆணம் காய்ச்சினார். நான் வேர்த்துக் கொட்டிக்கொண்டு தட்டுவேன். மொனிட்டர் வந்த பெட்டியில் ஒரு துண்டு அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு, வாப்பா எனக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருப்பார். கை மாறும், அட்டை நிற்காது. ஒருநாளும் திரையைப் பார்த்து இது என்ன அது என்ன என்று கேட்டதில்லை.

பிறகு எனக்குக் கலியாணம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளை வந்து குடியேறுவார், தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் ஓர் அறையும் குசினியும் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். வாப்பாவும் அப்படித்தான் ஒதுங்கினார். ஆஸ்பத்திரியால் வந்த அன்று, "முன் வீட்டுல வந்து படுங்க மாமா, ஓடு போட்ட வீடு, குளிர்ச்சி" என்று முஸ்தாக் கெஞ்சிப் பார்த்தார். "குடுத்த ஊடு மகன், குடுத்ததுதான்" என்றுவிட்டார் வாப்பா. ஆனால் இரண்டு வீட்டுக்கும் மீட்டர் ஒன்று. அந்த ஒரு மீட்டர்தான் எங்கள் எல்லா வில்லங்கத்துக்கும் காரணம்.

பின் அறை ஜன்னலில் இருந்து பார்த்தால் என் மேசை தெரியும். நான் லெப்டொப்பைத் திறந்ததும் அவர் ஃபேனை நிறுத்துவார். மூடியதும் போடுவார். இருபது வருஷப் பழக்கம். நான் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்கிற ஆள். அப்படியென்றால் பகல் முழுக்க அந்தத் தகரத்துக்குக் கீழே, ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு, அந்தப் பழைய அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டு இருந்திருக்கிறார். இது எனக்கு அவர் விழுந்த பிறகுதான் தெரியும். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்கிறவள். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

"வாப்பா, இது பழைய கணனி இல்ல. இது கொஞ்சம்தான் கரண்டு எடுக்கும்."

"வெல எவ்வளவு?"

அவருக்கு எல்லாச் சாமானுக்கும் விலை மூடையில் சொல்ல வேண்டும். சொன்னேன். "இப்பத்த நெல்லு வெலைக்கு இருவத்திநாலு மூட."

"அது எழுவது. இது இருவத்திநாலு. மூணுல ஒண்டு வெல." அவர் தலையை ஆட்டினார். "மலிவுச் சாமான் புள்ள. மலிவுச் சாமான் கூடத்தான் குடிக்கும்."

இதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு வறட்சிக்கு வயல் வட்டையில் தண்ணீர் இறைக்க மலிவாய் ஒரு பம்ப் வாங்கினார். நல்ல பம்ப் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் குடித்தால் அது இரண்டு போத்தல் குடித்தது. வயல் தந்த பாடம் அது. அதை அழிக்க என்னிடம் என்ன இருக்கிறது? திரைக்குள் இலக்கம் காட்டினேன். வொட் என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் மரியாதையாய்க் கேட்டார், தலையை ஆட்டினார், நான் வேலைக்குத் திரும்பியதும் ஃபேனை நிறுத்தினார்.

சுவிட்சை டேப் போட்டு ஒட்டினேன். பிளக்கைக் கழற்றினார். உம்மாவைக் காவலுக்கு வைத்தேன். உம்மா ஃபேன் காற்று பட்ட ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார்.

"என்னகா உம்மா, நீங்களும் இப்பிடியா?"

"நான் என்னத்தக் கா செய்ற? அம்பது வரிசமா நான் சொல்லி அந்த மனிசன் எதக் கேட்ட?"

ஒரு நாள் தாங்க முடியாமல் வாசலில் நின்று கத்தினேன். "உங்களுக்கு ஏதும் நடந்தா, இந்த மெஷின நான் கடல்ல வீசிருவன். அதுல சம்பாரிச்ச ஒரு சதமும் எனக்கு வேணாம்." அவர் எழும்பினார். ஃபேனைப் போட்டார். நான் போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். ஃபேனின் இறக்கை அசையாமல் நின்றது. கல்லில் நார் உரிக்கிற வேலை இது என்று அப்போதுதான் விளங்கியது.

முஸ்தாக்தான் யோசனை சொன்னார். "ஒன்ட வொட்டு அவருக்கு விளங்காது. அவருக்கு விளங்கிறது அந்தச் சக்கரம். அதுக்கு முன்னால கொண்டுபோய் ரெண்டையும் வை."

"பழசு ஓடுமா?"

"நீதானே அதப் படிச்ச."

பழைய கணனி என் அலுமாரிக்குப் பக்கத்தில், வாப்பாவின் சாரன் ஒன்றில் உம்மா தைத்த உறைக்குள் இருந்தது. எறிய அவர் விட்டதில்லை. சனிக்கிழமை காலை அதைத் திறந்தேன். உள்ளே தூசி ஒரு பாய் மாதிரி படிந்திருந்தது, மூலையில் நான்கு பல்லி முட்டை. தூரிகையால் தட்டி, பூஞ்சணம் துடைத்து, சின்ன பெட்டரியை மாற்றி, வயரைச் செருகினேன். உறுமிக்கொண்டு எழும்பியது. சும்மா சொல்லக் கூடாது, எழுபது மூடைச் சாமான்.

அந்த உறுமல் பின் வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஜன்னலால் பார்த்தேன். வாப்பா கட்டிலிலிருந்து இறங்கி, ஃபேனை நிறுத்தி, விளக்கையும் நிறுத்திவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கை தானாய்ச் செய்தது.

முஸ்தாக் அவரைக் கைத்தாங்கலாய்க் கூட்டி வந்து மீட்டருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார வைத்தார். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஃபிரிட்ஜையும்தான். "அறுக்குளா மீன் இரிக்கி, பழுதாகும்" என்று உம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சக்கரத்தப் பாருங்க வாப்பா. ஒங்கட தஸ்பீஹால எண்ணுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிவப்பு வந்தது. மணி நகர்ந்தது. சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ். கோவையில் மூன்று மணி மிச்சம் இருக்கும்போது சிவப்புத் திரும்ப வந்தது.

"அதேதான்" என்றார். முகத்தில் ஒரு திருப்தி. "அப்பயும் இதான். ஒரு தஸ்பீஹுக்கு ஒரு சுத்து."

கணனியை நிறுத்தினேன். லெப்டொப்பின் வயரை மட்டும் செருகித் திறந்தேன். சிவப்பு போனது. அவர் எண்ணத் தொடங்கினார். ஒரு கோவை முடிந்தது. இரண்டு. மூன்று. அவர் என்னைப் பார்த்தார்.

"மீட்டர் நிண்டுட்டு புள்ள."

"நிக்கல்ல மாமா. கிறுகுது. கிட்டப் போய்ப் பாருங்க" என்றார் முஸ்தாக்.

கதிரையோடு முன்னால் நகர்ந்தார். சக்கரம் அசைவது தெரியாமல் அசைந்தது. ஐந்து. ஆறு. கச்சான் முற்றத்து மண்ணை விறாந்தைக்கு அள்ளிப் போட்டது. உம்மாவும் மீனை மறந்துவிட்டு வந்து நின்றார். எட்டு. ஒன்பது. வாப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. பன்னிரண்டாவது கோவை முடிகிற இடத்தில் சிவப்பு மெல்லத் தலையைக் காட்டியது.

அவர் மணியை விரலிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பன்ரெண்டு" என்றார்.

"ஓம் வாப்பா."

"இது அதவிடக் கொறச்சலான வேலையா செய்யும்?"

"அதவிடப் பல மடங்கு கூடச் செய்யும்."

"வெலயும் மூணுல ஒண்டு."

"ஓம்."

அடுத்து ஃபேனைத் தனியாய் ஓட்டச் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றரைத் தஸ்பீஹில் ஒரு சுற்று வந்துவிட்டது. வாப்பா கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப ஃபேன்தான் கள்ளன். மெஷின விட மூணு மடங்கு திங்குது." எனக்கு மண்டை காய்ந்தது. முஸ்தாக் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனையும் லெப்டொப்பையும் சேர்த்துப் போட்டேன். மூன்று தஸ்பீஹ் முடிகிறதற்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு வந்தது.

"ரெண்டும் சேந்தும் பழசுல மூணுல ஒண்டுதான் வாப்பா. நீங்க ஃபேன நிப்பாட்டி எனக்கு மிச்சம் பிடிச்சுத் தர ஒண்டும் இல்ல. விளங்குதா?"

"விளங்குது மகள்" என்றார். "விளங்கிட்டு."

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே ஃபேன் நிற்காமல் ஓடியது. மறுநாளும் ஓடியது. நான் லெப்டொப்பைத் திறந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வாப்பா எழும்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் உம்மா என் அறைக்கு வந்தார். உம்மா முன் வீட்டுக்கு வந்து உட்காருவது குறைவு.

"ஆள் சோந்து போயிரிக்காரு புள்ள. சோத்தப் பெசஞ்சிட்டு அப்பிடியே வச்சிடுறாரு. கதைக்கிறாருமில்ல. மீட்டரப் பாக்கவும் போறாருமில்ல."

"நெஞ்சு நோவுதா?"

"அப்பிடியெல்லாம் இல்லயாம். சும்மா கெடக்காரு."

நான் போய்க் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தேன். ஃபேன் காற்றில் அவருடைய தலைமயிர் நாலு இழை ஆடிக்கொண்டிருந்தது. அட்டைத் துண்டைக் காணவில்லை.

"அட்டை எங்க வாப்பா?"

"அடுப்புக்குக் குடுத்திட்டன்."

"என்ன வாப்பா கவல? ஃபேன் ஓடுது. பில்லும் ஏறாது. இன்னும் என்ன?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ என்ன படிச்சாயெண்டு எனக்குத் தெரியா மகள். இப்ப என்ன வேல செய்றாயெண்டும் தெரியா. ஆக்கள் கேட்டா, கணனில ஏதோ பாக்கிறா எண்டு சொல்லுவன். ஒன்ட வேலயில எனக்கு விளங்கின ஒண்டே ஒண்டு அந்த சுவிச்சிதான். நீ தொறந்தா நான் நிப்பாட்டுவன். நம்மளும் ஒரு கை குடுக்கிறம் எண்டு நெனச்சித்தான் இரிந்த. அதுக்கும் இப்ப தேவ இல்லயாம்."

நான் பிழை பிடிக்கிறவள் என்று சொன்னேனே. இருபது வருஷமாய் என் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நான் பிடிவாதம் என்றும் கஞ்சத்தனம் என்றும் படித்து வைத்திருந்தேன். அதை எழுபது மூடைப் பெட்டியை வைத்து, தஸ்பீஹை வைத்து, சாட்சிக்கு மருமகனையும் வைத்து, ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டேன். அவர் உயிரைக் காப்பாற்றத்தான் செய்தேன். ஆனாலும் அந்த நிமிஷம் என்னைப் போல் ஒரு கல்நெஞ்சக்காரி ஊரில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அவர் என் தலையைத் தடவி, "என்ன புள்ள இது, சின்னப் புள்ள மாதிரி" என்றார்.

அடுத்த நாள் காலை லெப்டொப்பையும் ஒரு மடக்கு மேசையையும் தூக்கிக்கொண்டு பின் அறைக்குப் போனேன்.

"இனி நான் இஞ்ச இருந்துதான் வேலை செய்யப் போறன். முன்னுக்கு ஆக்கள் வாறதும் போறதும், சத்தம். ஆனா வாப்பா, இந்த அறை வெக்கை. இந்தச் சாமானுக்குச் சூடு ஆகாது. சூடானா வேலை மெதுவாகும், கூடச் சூடானா நிண்டுரும். இதுக்குக் காத்துப் போய்க்கிட்டே இரிக்கணும். எனக்கு வேலைக்கிடையில அதப் பாக்க ஏலா."

வாப்பா எழும்பி உட்கார்ந்தார்.

"ஃபேன் போட்டாச் சரியா?"

"போட்டாச் சரி. நான் தொறந்ததும் போடுங்க. மூடும் வரைக்கும் நிப்பாட்டக் கூடாது."

"அத நான் பாத்துக்கொள்றன்" என்றார்.

பொய் என்று சொல்லமுடியாது. சூட்டில் லெப்டொப் மெதுவாவது உண்மைதான். இந்த அளவு சூட்டுக்கு அது நின்றுவிடாது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. பகல் பதினொரு மணிக்குத் தலை நிமிர்த்திப் பார்க்கிறேன், ஃபேனின் முகம் நேரே லெப்டொப்பைப் பார்க்கிறது. என் தாள்கள் பறக்கின்றன. வாப்பாவோ, காற்றை மறைக்கக் கூடாது என்று, கதவோரம் ஒதுங்கி, வேர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஃபேன் அசைந்து திரும்புகிற பொத்தானையும் அமத்தி நிறுத்திவிட்டார், மெஷினுக்கு ஒரு சொட்டுக் காற்றும் தவறிவிடக் கூடாதாம். உம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். ஏச வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மேசையைத் தூக்கிக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். "அங்க வெயில் படுது வாப்பா. நீங்களும் வந்து கட்டில்ல இரிங்க. சூடு கூடுதா எண்டு ஆராவது தொட்டுப் பாக்கணும்." வந்து உட்கார்ந்தார். காற்று அவருடைய நெஞ்சைத் தொட்டுக்கொண்டுதான் லெப்டொப்புக்கு வர வேண்டியிருந்தது.

அப்படியே ஒரு மாதம் போனது. காலை எட்டரைக்கு நான் திறப்பேன், அவர் போடுவார். இடையிடையே புறங்கையை லெப்டொப்பின் முதுகில் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி. "குளிர்ந்துதான் இரிக்கி" என்பார். கொழும்புக்காரர்கள் கூட்டத்தில் இருக்கும்போது அந்தக் குரல் அவர்களுக்கும் கேட்கும். அவர் சோற்றை மிச்சம் வைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்துவிட்டு டொக்டர் நல்லது என்றார். வேலை இல்லாத சனி, ஞாயிறிலும் நான் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது கணக்கு தலைகீழ், திறந்திருந்தால்தான் ஃபேன் ஓடும்.

ஆனால் ஏமாற்றிச் செய்வது எனக்குக் கொழுக்கட்டை மாதிரித் தொண்டையில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அவர் தஸ்பீஹோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த நேரம், சொல்லிவிட்டேன்.

"வாப்பா, ஒண்டு சொல்றன். கோவிச்சிக்கொள்ளாதீங்க. இந்த மெஷினுக்கு இவ்வளவு காத்து வேணுமெண்டு இல்ல. ஃபேன் இல்லாட்டியும் ஓடும். நீங்க காத்துல இரிக்கணும் எண்டுதான் நான் சொன்ன."

அவர் மணியைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொதல் கிழமையே நான் பாத்த. நீ ளுஹர் தொழப் போன நேரம் ஃபேன நிப்பாட்டிட்டுப் பாத்த. அஞ்சி தஸ்பீஹ் எண்ணின. தொட்டும் பாத்த. அதுக்கு ஒண்டும் ஆகல்ல."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"தெரிஞ்சிட்டும் ஏன் வாப்பா ஒவ்வொரு நாளும் போடுறீங்க? முந்தி நான் தொறந்தா ஒங்களுக்கெண்டு ஒரு நாளும் போட்டதில்லயே."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், இவ்வளவு படித்தும் இது விளங்கவில்லையா என்பதுபோல.

"நீ இஞ்ச வந்து இரிக்காயே மகள்" என்றார். "ஒனக்கு வேர்க்குமே."

வேலை அன்றைக்கு நாலு மணிக்கே முடிந்துவிட்டது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் நான் லெப்டொப்பை மூடவில்லை.